கணக்கு வேலையோடு மாலையில் என்ன படிக்கலாம்?

தம்பி, மொரீசியஸ் வந்து, போர்ட் லூயிஸில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது, கத்ர் போர்னில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன், மாலையில் ஐ.டி. படிப்பு ஒன்று சேர ஆசை, சைபர் செக்யூரிட்டியா, பைத்தான் என்கிற புரோகிராமிங் மொழியா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். டேட்டாபேஸிலிருந்து தரவைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். படியுங்கள், அதோடு தரவை அறிக்கையாகவும் வரைபடமாகவும் காட்டும் மென்பொருளான பவர் பி.ஐ. படியுங்கள். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் எபெனில் வேலை பார்க்கிறவள், ஆள் எடுக்கும்போது எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்பவள் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் இந்தத் தீவில் இருப்பது உங்கள் கம்பெனி எடுத்துக் கொடுத்த வேலை பெர்மிட்டில். அது அந்தக் கம்பெனியையும் அந்த வேலையையும் சார்ந்தது. சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே எபெனில் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு மாறிவிட முடியாது. புது முதலாளி உங்களுக்காகப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். அனுபவம் இல்லாத ஒருவருக்காக அவர் ஏன் அவ்வளவு அலைய வேண்டும்? இங்கேயே படித்து முடித்த பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் கணக்கும் தெரியும், டேட்டாவைக் கையாளவும் தெரியும் என்று ஒருவர் வந்தால் நாங்கள் நிமிர்ந்து உட்காருகிறோம். அப்படிப்பட்டவர்கள் குறைவு. ஆகவே நீங்கள் படிப்பது இன்று உட்கார்ந்திருக்கும் அதே மேஜையில் முதலில் பலன் தரவேண்டும். ஓராண்டு கழித்து நேர்காணலில் காட்ட உங்களிடம் இருக்க வேண்டியது சான்றிதழ் மட்டும் அல்ல, நீங்கள் செய்து முடித்த வேலையும்தான்.

உங்கள் அலுவலகத்தில் மாதாமாதம் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். யார் எவ்வளவு பாக்கி, எத்தனை நாளாகப் பாக்கி என்ற பட்டியல், சரக்கு இருப்பு, 15 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) கணக்கு. பெரும்பாலான இடங்களில் இதையெல்லாம் மென்பொருளிலிருந்து இறக்கி, எக்செலில் ஒட்டி, கையால் சரிபார்க்கிறார்கள். எஸ்.க்யூ.எல். தெரிந்தால் வேண்டிய தரவை நேராகக் கேட்டு வாங்கலாம். டேட்டாபேஸைத் தொட உங்களுக்கு அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எக்செலுக்கு உள்ளேயே தரவை இறக்கிச் சீர்படுத்தும் பவர் க்வெரி என்ற கருவி இருக்கிறது. அந்த ஒட்டுகிற வேலையில் பாதியை அது பார்த்துக்கொள்ளும். பவர் பி.ஐ. டெஸ்க்டாப் இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், லேப்டாப் வாங்குவதாக இருந்தால் கவனியுங்கள். கடைசியில் பவர் பி.ஐ.க்கான மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்த் தேர்வான பி.எல்.-300 எழுதலாம். அந்தச் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது, வீட்டிலிருந்தே செய்யலாம்.

சைபர் செக்யூரிட்டி மீது ஆசை வருவது எனக்குப் புரிகிறது, விளம்பரங்கள் அப்படி. ஆனால் நெட்வொர்க், லினக்ஸ், விண்டோஸ் சர்வர் எல்லாம் ஓரளவு பழகியவர்களுக்குத்தான் அது பிடிபடும். உண்மையாகவே அந்தப் பக்கம்தான் போக வேண்டும் என்றால் நெட்வொர்க் அடிப்படைச் சான்றிதழான சி.சி.என்.ஏ.விலிருந்து தொடங்குங்கள், கணக்கு வேலை அதற்குக் கை கொடுக்காது என்பதையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். பைத்தான் நல்லதுதான். எஸ்.க்யூ.எல்.லுக்குப் பிறகு எடுத்தால் இன்னும் சுலபமாக வரும்.

சரி, எங்கே படிப்பது? பாடத்திட்டத்தைப் பார்க்கும் முன் வழியைப் பாருங்கள். இங்கே வாரத்துக்கு 45 மணி நேரம் வேலை. மாலை ஐந்து மணிக்கு மேல் உடம்பில் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். உங்களுக்கு ஒரு வசதி உண்டு: போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் போகும் மெட்ரோ உங்கள் ஊர் வழியாகவே போகிறது. ரோஸ் ஹில்லில் மாறினால் 2023 முதல் எபென், ரெதுயி வரைக்கும் கிளைப் பாதை இருக்கிறது. மொரீசியஸ் பல்கலைக்கழகமும் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ரெதுயியில்தான். லா தூர் கோனிக்கில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நல்ல இடம், ஆனால் நீங்கள் வீடு திரும்பும் வழியில் இல்லை. இரவில் பேருந்துகள் குறைந்துபோகும் ஊர் இது, வகுப்பு முடிந்து எப்படித் திரும்புவீர்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். வாரம் இரண்டு மாலைக்கு மேல் எடுக்காதீர்கள். வகுப்பில் இருக்கிற அளவு நேரமாவது வீட்டில் உட்கார்ந்து செய்து பார்க்கவில்லை என்றால் எஸ்.க்யூ.எல். கையில் நிற்காது. மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் நீங்கள் எப்படியும் வகுப்பைத் தவறவிடுவீர்கள், ஆகவே வருகைப் பதிவில் எவ்வளவு கண்டிப்பு என்று முதலிலேயே கேளுங்கள். புயல் காலத்தையும் மறக்க வேண்டாம். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. விட்டுப்போகும் வகுப்புகளை எப்படி ஈடுசெய்வார்கள் என்று கேட்பதில் தவறில்லை.

இனி மொழி. பாடக் குறிப்பும் தேர்வும் ஆங்கிலத்தில்தான். ஆனால் மாணவர்கள் களைத்திருக்கும் மாலை வேளையில் ஆசிரியரின் விளக்கம் மெல்ல உள்ளூர் மொழியான கிரியோலுக்குப் போய்விடும். யாரும் வேண்டுமென்றே செய்வதல்ல, வகுப்பில் இருக்கும் மற்ற எல்லோருக்கும் அது வீட்டு மொழி. பெயரைக் கேட்டு நம்மவர் என்று நினைத்துப் பேசப் போனால், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கும் பிள்ளைகளும் கிரியோலில்தான் பதில் சொல்வார்கள். எனவே பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் சும்மா உட்கார அனுமதி கேளுங்கள். புரியாதபோது ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்று தயங்காமல் கேளுங்கள், சொல்வார்கள். இருந்தும் நேரில் போய்ப் படிப்பதையே நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. அறையும் அலுவலகமும் மட்டுமே தெரிந்த ஒருவருக்கு அந்த இரண்டு மாலைகளில்தான் இந்த ஊர் பழக்கமாகும், எந்தக் கம்பெனியில் ஆள் தேடுகிறார்கள் என்ற பேச்சும் அங்கேதான் காதில் விழும்.

செலவு தாங்காது என்றால் சென்னை ஆன்லைன் வகுப்பு இருக்கவே இருக்கிறது. நாம் ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறோம். அங்கே இரவு எட்டரை என்றால் இங்கே ஏழு மணி, வீடு வந்து சாப்பிட்டுவிட்டு உட்காரலாம். அங்கே ஏழு மணிக்குத் தொடங்குவதை எடுக்காதீர்கள், நீங்கள் அப்போது மெட்ரோவில் இருப்பீர்கள்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்பு இலவசம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 2019 முதல் அப்படி இருப்பது மொரீசியஸ் குடிமக்களுக்கு, நமக்கு இல்லை. தனியார் பயிற்சி நிலையம் என்றால் மொரீசியஸ் தகுதிகள் ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். உங்கள் ஹெச்.ஆரிடமும் பேசுங்கள். பயிற்சிக்கென்று கம்பெனிகள் வரி கட்டுகின்றன, அங்கீகாரம் பெற்ற பயிற்சிக்குச் செலவில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற அவர்களுக்கு வழி உண்டு. உங்கள் விஷயத்தில் அது பொருந்துமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். கம்பெனி பணம் தந்தால் அதற்குப் பதிலாக எத்தனை காலம் இருக்கச் சொல்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இந்த மாதக் கணக்கை முடித்துவிட்டு இரண்டு இடங்களில் போய் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடம், எந்தக் கிழமைகள், கட்டணம் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள். முன்பணம் கட்டும் முன் பாடத்திட்டத்தையும் அனுப்பிவையுங்கள் தம்பி, அக்கா ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.