கட்டடக்கலை படித்தவர்கள் ஏன் தங்கள் ஆசிரியர்களைப் பற்றியே பேசுகிறார்கள்?

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏன் எப்போதும் சேர்மாரைப் பற்றியே கதைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கற்பிக்கும் முறைதான் காரணம். மற்றப் பாடங்களில் ஆசிரியர் மேடையில் நிற்பார். ஸ்டூடியோவில், அதாவது வடிவமைப்பு வகுப்பில், உங்கள் மேசைக்கே வந்து, உங்கள் வரைபடத்தின்மேல் பட்டர் பேப்பரை (கீழே உள்ளது தெரியும் மெல்லிய தாளை) விரித்து, பென்சிலை எடுத்துவிடுவார். அப்புறம் எப்படி மறப்பது?

எனக்குப் பிடித்த சேர் (பெயர் வேண்டாம், கூச்சப்படுவார்) மட்டக்களப்பில் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள கல்லடியில் வீடொன்றை நான் வரைந்தபோது முதலில் கேட்டது, "தம்பி, கச்சான் எந்தப் பக்கத்தால வரும்?" ஆனி, ஆடியில் மேற்கே வாவிப் பக்கமிருந்து கச்சான் என்ற வறண்ட சூட்டுக்காற்று வரும், பகல் ஏற ஏறக் கடல்காற்று கிழக்கால் வரும், மார்கழி மழையோ வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும். ஆகவே மேற்கில் சின்ன ஜன்னல், கிழக்கில் விறாந்தை, அதற்குமேல் நன்றாக நீண்ட தாழ்வாரம். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை என்பதால் கணக்கே வேறு. கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் கொழும்பு வீட்டு முற்றத்தை ரசிக்கலாம், அப்படியே தூக்கிக் கல்லடியில் வைக்கக்கூடாது என்பார். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது.

வரலாறு படிப்பித்த மிஸ் வேறு மாதிரி. லீவுக்கு வெளிக்கிட்டால் கோட்டைச் சுவரின் தடிப்பை அளந்துவரச் சொல்லுவார். 1628இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த மட்டக்களப்புக் கோட்டைதான். அதுவரை எனக்கு அது கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்), அப்பாவோடு கையெழுத்து வாங்கப் போன இடம், அவ்வளவே.