விளம்பர விலையும் வீட்டுக் கணக்கும்: முதல் கப்பல் பயணம் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் க்ரூஸ் என்கிற உல்லாசக் கப்பல் பயணம் பற்றித்தான். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒன்றே: குடும்பத்தோடு முதல் தடவை போகிறோம், கையில் இருப்பது இவ்வளவு, எதைத் தேர்வு செய்வது? ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளம், ஏனென்றால் மற்ற கேள்விகளில் பலவும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

கேள்வி: நான், கணவர், 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன், மாமனார், மாமியார் என்று ஆறு பேர். எல்லாம் சேர்த்து 2 லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். சென்னை, மும்பை, சிங்கப்பூர் மூன்று விளம்பரமும் பார்த்தேன். எது சரி? (வாசகி, ஈரோடு)

உங்கள் குடும்பத்துக்குச் சென்னைதான், அதுவும் 2 அல்லது 3 இரவுப் பயணம். காரணத்தைச் சொல்கிறேன்.

கப்பல் டிக்கெட்டை மட்டும் பார்த்தால் சிங்கப்பூரிலிருந்து மலேசியா போய் வரும் 3 இரவுப் பயணம் மலிவாகத் தெரியும். ஜென்டிங் ட்ரீம் மாதிரியான பெரிய கப்பல், நீச்சல் குளம், சறுக்கு, குழந்தைகளுக்கு ஏகப்பட்ட விளையாட்டு என்று விளம்பரமும் ஆசையைக் கிளப்பும். ஆனால் ஆறு பேருக்கு விமான டிக்கெட், ஆறு பேருக்குச் சிங்கப்பூர் விசா, முன்னும் பின்னும் ஒரு நாள் ஓட்டல் என்று கூட்டிப் பாருங்கள், கப்பலில் கால் வைக்கும் முன்பே உங்கள் 2 லட்சத்தில் பெரும் பங்கு போயிருக்கும். மும்பை என்றால் போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள் ரயில். 3 இரவுப் பயணத்துக்கு 4 வயதுக் குழந்தையையும் பெரியவர்களையும் அப்படி அலைக்கழிக்க வேண்டாம். சென்னைக்கு உங்கள் ஊரிலிருந்தே ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஏறிப் படுத்தால் விடிவதற்குள் சென்ட்ரல், அங்கிருந்து துறைமுகம் ஆட்டோ தூரம்தான். கப்பலில் ஏற்றுவது பொதுவாக மதியத்தை ஒட்டித்தான் தொடங்கும் என்பதால் ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் பதற வேண்டாம். ஆனால் பதிவு மேசையை மூடுகிற நேரத்தைத் தாண்டினால் யாருக்காகவும் கப்பல் நிற்காது, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சென்னையிலிருந்து போகும் கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் 1990-ல் கட்டப்பட்ட கப்பல், முன்பு ராயல் கரீபியன் நிறுவனத்திடம் இருந்தது. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்தும் 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் ஓட ஆரம்பித்தது. இன்று வெளிநாடுகளில் ஓடும் ராட்சதக் கப்பல்களோடு ஒப்பிட்டால் சிறியது, வயதானது. அங்கே இருக்கிற அத்தனையும் இங்கே கிடைக்காது. ஆனால் முதல் தடவை போகிற குடும்பத்துக்குச் சிறிய கப்பல் நல்லதுதான் என்பேன், மாமியார் தனியாக வெளியே வந்தாலும் வழி தெரியாமல் தவிக்க மாட்டார். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக் கடல் கொந்தளிக்கும் என்பதால் அந்த மாதங்களில் கப்பலைக் கிழக்குப் பக்கம் கொண்டுவருவது வழக்கமாக இருந்திருக்கிறது. அதனால் அட்டவணையில் சென்னைத் தேதிகள் எப்போது வருகின்றன என்று முதலில் பார்த்துவிட்டு லீவு போடுங்கள். சுதந்திர தினத்தை ஒட்டி வருகிற மாதிரியான நீண்ட வார இறுதிகளில் விலை ஏறும், வார நடுவில் கிளம்புகிற தேதி கிடைத்தால் விடாதீர்கள்.

இப்போது பணம். விளம்பரத்தில் போடும் விலை ஒரு கேபினில் இரண்டு பேர் தங்கினால் ஆளுக்கு எவ்வளவு என்பது. மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவு, சில சமயம் குழந்தைக்கு இலவசம் என்றுகூடப் போடுவார்கள். ஆனால் துறைமுகக் கட்டணமும் டிப்ஸும் பொதுவாகத் தலைக்கு இவ்வளவு என்றுதான், 'இலவச'க் குழந்தைக்கும் துறைமுகக் கட்டணம் உண்டு. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இவை எந்தக் கப்பலின் விலையும் அல்ல, கணக்குப் புரிவதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள். ஆளுக்கு 25,000 என்று விளம்பரம். ஆறு பேரில் நாலு பேருக்கு முழு விலை, 1 லட்சம். மற்ற இரண்டு பேருக்கு 12,000 வீதம் 24,000. துறைமுகக் கட்டணம் தலைக்கு 5,000 வீதம் 30,000. டிப்ஸ் தலைக்கு ஓர் இரவுக்கு 600 என்றால் 3 இரவுக்கு 10,800. ஆக 1,64,800, அதன் மேல் வரி, ரயில், கப்பலுக்குள் செலவு. ஏஜென்டிடம் "ஆளுக்கு எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "எங்கள் ஆறு பேருக்கும் துறைமுகக் கட்டணம், டிப்ஸ், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, எழுத்தில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். இரண்டு மூன்று இடங்களில் கேட்டு அந்த மொத்தத் தொகைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும்.

ஆறு பேரை எப்படிப் பிரிப்பது என்பதும் முக்கியம். எல்லோரும் நாங்கள் நாலு பேர் ஒரு கேபின், பெரியவர்கள் இரண்டு பேர் ஒரு கேபின் என்றுதான் யோசிப்பார்கள். நாலு பேர் கேபினில் இரண்டு கட்டில் கீழே, மற்ற இரண்டு படுக்கை சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும், சின்ன ஏணி வைத்து ஏற வேண்டும். 4 வயதுக் குழந்தையை அங்கே படுக்க வைக்கவே கூடாது. நாலு படுக்கையும் இறங்கிவிட்டால் கேபினில் நிற்கக்கூட இடம் தேட வேண்டியிருக்கும், பெட்டிகள் வேறு. அதற்குப் பதில் மூன்று மூன்றாகப் பிரியுங்கள். பெரியவள் தாத்தா பாட்டியோடு, சின்னவன் உங்களோடு. ஒவ்வொரு கேபினிலும் இரண்டு முழுக் கட்டணம், ஒரு குறைந்த கட்டணம், கூட்டினால் அதே நாலு முழு, இரண்டு குறைவு. மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் ஒரே விலையாக இருக்கும் வரை பைசா வித்தியாசம் வராது, ஆனால் இரண்டு கேபினிலும் மூச்சு விட இடம் இருக்கும். அடுத்தடுத்த கேபினாகக் கேட்டு வாங்குங்கள்.

ஏறிய பிறகு ஆகும் செலவையும் சொல்லிவிடுகிறேன். பஃபே சாப்பாடு, அங்கே வைத்திருக்கும் தண்ணீர், டீ எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். பாட்டில் பானம், காபி ஷாப் காபி, வைஃபை, அவர்கள் எடுக்கும் போட்டோ, வீடியோ கேம் எல்லாம் தனி. கையில் கொடுக்கும் சாவி அட்டைதான் கப்பலில் பணம், தேய்த்தால் கணக்கில் ஏறும். எங்கள் முதல் பயணத்தில் என் மகன் தன் அட்டையைத் தட்டித் தட்டி விளையாடியிருக்கிறான், கடைசி இரவு கதவுக்கடியில் செருகியிருந்த பில்லைப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகுதான் கேள்விப்பட்டேன், முதல் நாளே வரவேற்பு மேசையில் சொன்னால் குழந்தையின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி நிறுத்திவிடுவார்கள். நீங்கள் ஏறியதும் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

கேள்வி: ஜன்னலே இல்லாத உள்பக்கக் கேபின் எடுத்தால் மூச்சு முட்டுமா? பால்கனி கேபினுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கேட்கிறார்கள். (வாசகர், மதுரை)

ஏசி காற்று எல்லாக் கேபினுக்கும் ஒன்றுதான், மூச்சு முட்டாது. ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா என்றே தெரியாத இருட்டு, சில குழந்தைகள் பயப்படும். குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை லேசாகத் திறந்து வைத்தால் சரியாகிவிடும். 2, 3 இரவுக்குப் பால்கனி தேவையில்லை என்பது என் கருத்து. நீங்கள் தூங்கவும் குளிக்கவும்தான் கேபினுக்கு வரப்போகிறீர்கள், கடலைப் பார்க்க மேல் டெக் முழுக்க உங்களுக்குத்தான். விடிகாலை ஐந்தரை மணிக்கு மேலே போனால் கூட்டமே இருக்காது, ஈரக் காற்று, கழுவிவிட்ட தரை, கைப்பிடியில் உப்புப் பிசுபிசுப்பு, நாலு பக்கமும் கரையே தெரியாத தண்ணீர். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. வீட்டில் நடக்க முடியாத பெரியவர் இருந்து அவர் அதிக நேரம் கேபினிலேயே இருக்கப்போகிறார் என்றால் அவருக்கு மட்டுமாவது ஜன்னல் உள்ள கேபின் எடுத்துக்கொடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு ஊட்டி பஸ்ஸிலேயே வாந்தி வரும். 70 வயது. கப்பலுக்கு அழைத்துப்போக ஆசை, பயமாகவும் இருக்கிறது. (வாசகி, கோவை)

மலைப் பாதையில் வாந்தி வருகிற எல்லோருக்கும் கப்பலிலும் வரும் என்று சொல்ல முடியாது. பெரிய கப்பலில் ஆட்டம் மெதுவாக இருக்கும். ஆனாலும் அவரை ஒரு சின்னப் பயணத்தில் சோதித்துப் பார்த்துவிடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொச்சி. அங்கே கேரள அரசு நிறுவனம் நடத்தும் 'நெஃபர்டிட்டி' என்ற கப்பல் சில மணி நேரம் கடலுக்குள் போய்த் திரும்பும். கொஞ்சப் பணத்தில் அம்மாவின் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும், தெரியாமல் மூன்று நாள் டிக்கெட் எடுத்துவிட்டு அவர் கேபினில் சுருண்டு கிடப்பதைப் பார்ப்பது கொடுமை.

பெரிய பயணம் போவதானால் கேபின் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். சீசா பலகையின் நடுவில் உட்காருகிறவருக்கு ஆட்டம் குறைவு, அதே கணக்குத்தான். நல்ல வேளையாக விலை குறைந்த கேபின்கள் பலவும் கீழ்த்தளத்தில்தான் இருக்கும். கடல் மாதத்தைப் பொறுத்தும் மாறும். வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம், அம்மாவோடு அப்போது போக வேண்டாம். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் பெரிதாகப் பலன் இராது, முன்கூட்டியே போட வேண்டும். ஆனால் இந்த மாத்திரைகளில் பல தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரும், கண் அழுத்தம் மாதிரியான பிரச்சினை இருப்பவர்களுக்கு ஆகாது, அதனால் 70 வயதில் மருந்துக் கடையில் கேட்டு வாங்காமல் அவரைப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள். வெறும் வயிற்றோடு இருக்க விடாதீர்கள். போனைக் குனிந்து பார்க்காமல் டெக்கில் உட்கார்ந்து தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அவருடைய சர்க்கரை, பிரஷர் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், கேபினுக்கு வந்து சேர மாலைகூட ஆகலாம்.

கேள்வி: லட்சத்தீவுக்கு அரசுக் கப்பலில் போனால் மலிவு என்கிறார்களே, அதுவும் க்ரூஸ்தானா? எங்களிடம் பாஸ்போர்ட் இல்லை. (வாசகர், நாகர்கோவில்)

நீச்சல் குளமும் மேடை நிகழ்ச்சியும் எதிர்பார்த்தால் அது க்ரூஸ் இல்லை. கடலும் தீவும்தான் வேண்டும் என்றால் அதைவிட நல்லது கிடையாது. கொச்சியிலிருந்து எம்.வி. கவரத்தி கப்பலில் போகும் 'சமுத்திரம்' என்ற 5 நாள் பயணத்தை லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பே நடத்திவந்திருக்கிறது. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்று தீவுகளிலும் பகலில் இறங்கிப் பார்த்துவிட்டு இரவு கப்பலிலேயே படுக்கை. பாஸ்போர்ட் வேண்டாம், ஆனால் தீவில் இறங்க அனுமதிச் சீட்டு கட்டாயம், அதற்கு நாள் பிடிக்கும், முன்னதாகவே விண்ணப்பியுங்கள். பருவமழைக் காலத்தில் போக முடியாது.

குடும்பத்தோடு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தீவைச் சுற்றிப் பவளப்பாறை இருப்பதால் பல இடங்களில் கப்பல் கரைக்கு வராமல் தள்ளியே நிற்கும். கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக, அலையில் ஏறி இறங்கும் சின்னப் படகில் கால் வைத்து இறங்க வேண்டும். படகுக்காரர்கள் கையைப் பிடித்து ஒரே வீச்சில் இறக்கிவிடுவார்கள், ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இடுப்புக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் அது சிரமம். வேறு எந்தக் கப்பலில் போனாலும் இதை ஏஜென்டிடம் கேளுங்கள்: போகிற ஊரில் கப்பல் துறைமுகத்திலேயே கட்டுமா, இல்லை படகில் இறங்க வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூரில் ஏறி மலேசியா போய்த் திரும்பும் கப்பல் புக் செய்துவிட்டோம். கைக்குழந்தைக்கு 7 மாதம். விசா விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, திருச்சி)

கப்பல் கிளம்பியதும் நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியே போனதாகக் கணக்கு, திரும்பி வரும்போது மறுபடி நுழைகிறீர்கள். அதனால் விசா பல முறை நுழையக்கூடியதா என்று வந்ததும் பாருங்கள், குழந்தைக்கும் சேர்த்து. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்தது, ஆனால் அது காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படுகிற சலுகை, கிளம்பும் மாதத்தில் இன்னொரு முறை சரிபாருங்கள். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். கைக்குழந்தைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் 6 மாதம் நிறைந்திருக்க வேண்டும் என்கின்றன, உங்களுக்குச் சரி. ஏஜென்ட் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று ஒரு தொகை பிடித்திருந்தால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம்.

அப்புறம் போன். கரை மறைந்ததும் போன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும், ஊரில் போட்ட சாதாரண ரோமிங் பேக் அதற்குச் செல்லாது, பில் ஆயிரக்கணக்கில் வரும். கப்பல் நகர ஆரம்பித்ததும் உங்கள் எல்லோர் கையிலும் இருக்கிற அத்தனை போனையும் ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள்.