ஆவர்த்தனா மாதிரி உணவகத்துக்கு முதல் தடவை போகும்போது என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

தென்னிந்தியச் சமையலை நவீன வடிவில், சிறு சிறு தட்டுகளாக (அதைத்தான் கோர்ஸ் என்பார்கள்) வரிசையாகப் பரிமாறும் உணவகம் ஆவர்த்தனா. திருமண நாளுக்கு மூன்று பேர் போகிறோம், அம்மா சுத்த சைவம், எனக்கு முந்திரி ஆகாது, எத்தனை கோர்ஸ் எடுப்பது, பில்லில் என்னென்ன சேரும் என்று கேட்டிருக்கிறீர்கள். முந்திரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதையெல்லாம் மேஜையில் உட்கார்ந்த பிறகுகூடச் சரிசெய்துகொள்ளலாம், இதை முடியாது.

இப்படிச் சமையற்காரரே தேர்ந்தெடுத்த வரிசையில் தட்டுகள் வரும் டேஸ்டிங் மெனு நடத்தும் சமையலறையில் அரைப்பது, வடிப்பது, குறுக்குவது எல்லாம் பகலிலேயே முடிந்துவிடும். இரவு எட்டு மணிக்குச் சூடாக்கித் தட்டில் அடுக்கும் வேலைதான். வெள்ளை கிரேவிகளுக்கு அடிப்படையே அரைத்த முந்திரி. அதை அந்த நேரத்தில் பிரித்தெடுக்க யாராலும் ஆகாது. அதனால் முன்பதிவு செய்யும்போதே போனில் சொல்லுங்கள், பதிவில் எழுதிக்கொண்டார்களா என்று கேளுங்கள், முந்தின நாள் ஒருமுறை நினைவுபடுத்துங்கள், உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் மறுபடி சொல்லுங்கள். தீவிரத்தையும் சொல்ல வேண்டும். வயிற்றுக் கோளாறு மட்டும்தான் என்றால் அந்தப் பதார்த்தத்தை மாற்றினால் போதும். தொண்டை வீங்கும் அளவுக்கு என்றால் முந்திரி அரைத்த ஜாரையே உங்களுக்கான சமையலில் தொடக்கூடாது.

அம்மாவுக்குத் தனி சைவ மெனு கிடைக்கும். ஆனாலும் இரண்டு விஷயங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பன்னாகோட்டா (பாலேட்டை உறைய வைத்துச் செய்யும் இத்தாலிய இனிப்பு), ஜெல்லி வகைகளை உறைய வைப்பது விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினா, கடற்பாசியிலிருந்து வரும் அகர் அகரா? சீஸ் இருந்தால் அதற்குப் பாலைத் திரிக்க விலங்கு ரென்னெட் (கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதி) போட்டதா? ஆவர்த்தனாவில் பெயர் பெற்ற இனிப்பே சோம்பு பன்னாகோட்டா என்பதால் முதல் கேள்வி அவசியம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாதவர்கள் சாம்பார், ரசத்தில் கோதுமைக்கு என்ன வேலை என்று நினைத்து ஏமாந்துபோவது இதனால்தான். தட்டின் மேல் வரும் நுரையைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் சோயா லெசித்தின். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் அதையும் கேட்க வேண்டும்.

எத்தனை கோர்ஸ்? சென்னை கிண்டி ஐடிசி கிராண்ட் சோழா ஓட்டலில் 2017-ல் தொடங்கிய ஆவர்த்தனாவில் ஏழு முதல் பதின்மூன்று கோர்ஸ் வரை மெனுக்கள் உண்டு. முதல் தடவைக்கு ஏழு எடுங்கள் என்பேன். பசிக்காக அல்ல, நாக்குக்காக. ஒன்பது, பத்தாவது தட்டுக்குள் புளிப்பும் காரமும் நெய்யும் சேர்ந்து நாக்கு மரத்துவிடும். அதன்பின் வருவது எவ்வளவு நன்றாக இருந்தாலும் தெரியாது. ஒரே மேஜையில் எல்லோரும் ஒரே எண்ணிக்கையில் எடுப்பது நல்லது, இல்லாவிட்டால் உங்களுக்கு ஐந்தாவது தட்டு வரும்போது அம்மா சும்மா உட்கார்ந்திருப்பார். இரண்டரை, மூன்று மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்கு உட்காராமல் ஏழரைக்கே இடம் கேளுங்கள். அவ்வளவு நேரம் உட்கார அம்மாவுக்கு முடியாது என்றால் தட்டுத் தட்டாக ஆர்டர் செய்யும் வசதியுள்ள இடமே சரி. டெல்லியின் இந்தியன் ஆக்சென்ட் உணவகத்தில் இரண்டு வகையும் உண்டு.

பட்டினி கிடந்து போகாதீர்கள். மதியம் வழக்கமான அளவில் பாதி சாப்பிடுங்கள். காலியான வயிற்றோடு போகிறவர்கள் முதலில் வரும் அப்பளம், வற்றல் வகைகளை முழுசாகத் தின்றுவிட்டு, கடைசியில் வரும் சாதத்தை ஒரு வாயோடு நிறுத்திவிடுகிறார்கள். சமையற்காரரின் கைப்பக்குவம் நன்றாகத் தெரிவது அந்தச் சாதத்தில்தான்.

ஆவர்த்தனாவில் கவனித்துச் சாப்பிட வேண்டியது ரசம். நம் இலையில் சாம்பாருக்குப் பின் வருவது, இங்கே தொடக்கத்திலேயே கண்ணாடிக் கோப்பையில் வரும். தக்காளி ரசம்தான், ஆனால் சிவப்பாக இருக்காது. தக்காளியின் சிவப்பு நிறமி தண்ணீரில் கரையாது, சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். சதையை முழுக்க வடித்துவிட்டால் நிறம் போய்விடும். புளிப்பும் உப்பும் சாரமும் மட்டும் தெளிவான நீரில் தங்கும். கொத்தமல்லி வாசம் ஆவியோடு மேலே வருவது முதல் ஒன்றிரண்டு நிமிடங்கள்தான். கோப்பையை மூக்கருகில் கொண்டுபோய், பிறகு குடியுங்கள். படம் எடுத்து முடிப்பதற்குள் அந்த வாசம் போய்விடும். கண்ணுக்குத் தண்ணீராகத் தெரிவதும் நாக்குக்கு வீட்டு ரசமாகத் தெரிவதும் ஒரே நேரத்தில் நடக்கிறதே, இந்தச் சமையலின் அழகு அதில்தான் இருக்கிறது. பழகிய ருசி தெரியாத உருவத்தில் வருகிறது. அந்தப் பழகிய ருசி தட்டில் இல்லாவிட்டால் எத்தனை நுரை போட்டாலும் அது நல்ல தட்டு ஆகாது.

பாங்காக்கில் சமையற்கலைஞர் ககன் ஆனந்த் புகழ்பெறச் செய்த தயிர் உருண்டை இப்போது பல இடங்களில் வேறு வேறு வடிவில் வருகிறது. தயிரில் உள்ள கால்சியமும், கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டின் கரைசலும் சேரும் இடத்தில் மெல்லிய தோல் படியும், உள்ளே தயிர் நீர்மமாகவே இருக்கும். அதை முள்கரண்டியால் குத்தினால் தட்டெல்லாம் வழிந்துவிடும். கரண்டியோடு அப்படியே வாயில் போட்டு, உதட்டை மூடிக்கொண்டு நாக்கால் அழுத்துங்கள். கல், இலை, குச்சி, பறவைக்கூடு என்று எதன் மேல் வைத்துக் கொடுத்தாலும் எது சாப்பிட, எது அலங்காரம் என்று கேட்டுவிடுங்கள். கேட்பது அவர்களுக்குப் பழகிப்போன கேள்வி. கையால் சாப்பிட வேண்டியதைக் கையாலேயே சாப்பிடலாம்.

உடை பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் வேண்டாம், வேட்டி நன்றாகவே பொருந்தும்.

இனி பில். உட்கார்ந்ததும் "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா?" என்று கேட்பார்கள்; ஸ்பார்க்ளிங் என்பது வாயு நிரப்பிய தண்ணீர், ஸ்டில் வாயு இல்லாதது. இரண்டுமே காசுக்கு வாங்கும் பாட்டில். வேண்டாம் என்றால் "சாதாரணத் தண்ணீர் போதும்" என்று சொல்லுங்கள். மெனுவில் போட்டிருக்கும் விலை வரிக்கு முந்தையது. தனியாக இயங்கும் உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம்; அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கும் உணவகத்தில் 18 சதவீதம். மூவருக்குச் சேர்த்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரி மட்டும் 2,700. 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் சேர்த்தால், வரி அதன் மேலும் ஏறும்: 16,500-க்கு 18 சதவீதம், மொத்தம் 19,470. மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது, மாநில வரி தனி.

சர்வீஸ் சார்ஜ் கட்டாயமில்லை. தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னதை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. பில்லில் இருந்தால் "இதை எடுத்துவிட்டு வேறு பில் கொடுங்கள்" என்று அமைதியாகக் கேளுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யலாம். மூன்று மணி நேரம் நின்று உங்கள் முந்திரிக் கணக்கைத் தட்டுக்குத் தட்டு பார்த்துக்கொண்ட பரிமாறுபவருக்கு, நீங்கள் விரும்பும் தொகையை அவர் கையிலேயே கொடுங்கள்.