கம்பி உச்சியில் நீலச்சுடர்: கேள்வி பதில்

சரக்குக் கப்பலில் 22 வருடம் ரேடியோ ஆபீசராக இருந்தவன் நான். இப்போது குமரி மாவட்டக் கொல்லங்கோட்டில் வீட்டோடு இருக்கிறேன். ஐப்பசி இடிமழையில் படகுக் கம்பியில் நீல வெளிச்சம் கண்டதாகப் போன வாரம் பேச்சு வந்தது. கேளுங்கள் என்றேன், கேட்டுவிட்டீர்கள்.

தூத்தூர் தம்பி: சார், கொச்சியிலிருந்து தங்கல் (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிப்பது) போயிருந்தோம். ராத்திரி மழைக்குக் கொஞ்சம் முன்னால் ஆன்டெனா நுனியில் விரல் நீளத்துக்கு நீலமாக நின்றது. 'ஸ்ஸ்' என்று சத்தம் வேறு. தீயா?

தீ இல்லை மக்கா. ஆன்டெனா கருகியிருந்ததா? இருக்காது. இதற்குக் கப்பல்காரர்கள் வைத்த பேர் எல்மோ தீ. தலைக்கு மேல் இடிமேகம் நிற்கும்போது கீழே மின்புலம் ஏறும். காற்று தாங்காமல் உடைய, சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். மேகத்துக்குக் கீழே அவ்வளவு இருக்காது. ஆனால் கூர்முனையில் புலம் பல மடங்காகக் குவிகிறது, அந்த இடத்துக் காற்று மட்டும் உடைகிறது. நைட்ரஜன் நீலமும் ஊதாவுமாக ஒளிரும். சத்தமும் அந்தக் கசிவுதான்.

எனக்குக் கண்ணுக்கு முன்னால் காதில்தான் வரும். ஹெட்போனில் எண்ணெயில் அப்பளம் விழுந்த மாதிரி இரைச்சல் ஏறிக்கொண்டே போகும். உடனே ஏரியலை எர்த்தில் போட்டுவிட்டுத்தான் வெளியே எட்டிப் பார்ப்பேன். வங்கக்கடலில் ஒருமுறை கொடிமர நுனியில் பார்த்தேன். மழை வலுத்ததும் காணோம்.

இந்த வெளிச்சம் கண்டால் கம்பியைத் தொடாதே, தலையைத் தாழ்த்து, வீல்ஹவுசுக்குள் (படகு ஓட்டும் அறைக்குள்) போ. இதை இன்னும் நாலு தடவை சொல்வேன்.

வள்ளவிளை டீச்சர்: எல்மோ என்பது யார்? நம் கோயில்களில் கேட்டதில்லையே.

எராஸ்மஸ் என்ற ஆயர், இத்தாலியின் ஃபோர்மியாக்காரர். சுமார் 303இல் வேதசாட்சியாக இறந்தார் என்பது மரபு. எராஸ்மோ, எர்மோ என்று வாயில் தேய்ந்து எல்மோ ஆனது. மாலுமிகளுக்குக் காவல் புனிதர். போர்ச்சுகீசியர் இந்த வெளிச்சத்தை 'கோர்ப்போ சாந்தோ', அதாவது புனித உடல் என்றார்கள். 1519இல் மகெல்லனோடு போன பிகஃபெட்டா, புயலில் எல்லாரும் அழுதுகொண்டிருக்கையில் பாய்மர உச்சியில் அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்று ஆறுதல் தந்ததாக எழுதிவைத்திருக்கிறார்.

அதற்கும் முன்னால் கிரேக்கர்கள் கணக்கு வேறு. இரண்டு சுடர் தெரிந்தால் காஸ்டர், பொலக்ஸ் என்ற இரட்டையர், நல்ல சகுனம். ஒற்றைச் சுடர் என்றால் அவர்கள் தங்கை ஹெலன், கப்பலுக்குக் கேடு. சீனக் கடலோடிகளுக்கு அது மாட்சூ என்ற கடல் அம்மனின் வெளிச்சம். 1544இல் சவேரியார் நம் கரைக்கு வந்த காலத்துக் கப்பல்காரர்களுக்கும் இந்தக் கதையெல்லாம் தெரிந்திருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

பொழியூர்: அலை உடையும்போது நீலமாக மின்னுகிறதே, அதுவா?

இல்லை. அது கவரு. தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்.

நீரோடி: வலை இழுக்கையில் கை எல்லாம் ஒளிர்ந்தது...

கவரு. மேலே பார்க்க.

சின்னத்துறை: கும்பளங்கியில் ராத்திரி காயலில்...

கவரு! கவரு! தண்ணீரில் மின்னினால் என்னிடம் வராதீர்கள், மீன்துறைக்காரரிடம் போங்கள்.

களியக்காவிளை: கொள்ளிவாய்ப் பிசாசும் இதுதானா?

சதுப்பில் அலைவது அது, முனையில் நிற்பது இது. வேறு வேறு.

பூத்துறை சிராங்கு (படகுத் தலைவர்) அண்ணன்: 30 வருடம் கடலில் கிடந்தவன் சொல்லுகிறேன். வெளிச்சம் வந்தால் ஆபத்து போச்சு என்று அர்த்தம். மின்சாரம் முனை வழியே கசிந்து போய்விடும், இடி விழாது.

அண்ணே, இடிதாங்கியைக் கண்டுபிடித்த ஃபிராங்ளினும் 1750 வாக்கில் இதையேதான் நினைத்தார், கூர்கம்பி மேகத்தைச் சத்தமில்லாமல் வடித்துவிடும் என்று. ஆனால் வடிவதைவிட வேகமாக மேகத்தில் மின்னூட்டம் சேரும்.

இரவிபுத்தன்துறை எஞ்சினியரிங் மாணவர்: ஆனால் சார், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மலையில் மூர் என்பவர் குழு இடிதாங்கிக் கம்பிகளை வைத்துப் பார்த்ததில் மொட்டை முனைக் கம்பியில்தான் இடி விழுந்தது, கூர்முனையில் விழவில்லை. அண்ணன் சொன்னது சரிதானே?

சிராங்கு அண்ணன்: கேட்டீங்களா!

கேட்டேன். கம்பி தப்பித்தது, சரி. இடி எங்கே போச்சு? பக்கத்து மொட்டைக் கம்பிக்கு. முனையைச் சுற்றிக் கசிந்த மின்னூட்டமே அந்தக் கம்பிக்குக் குடை மாதிரி நிற்கிறது. படகில் அதற்குப் பக்கத்தில் மொட்டையாக நிற்பது யார்? நீங்கள்தான் அண்ணே. ஃபைபர் வள்ளத்தில் உங்கள் தலைதான் உச்சி.

சிராங்கு அண்ணன்: எங்க அப்பன் காலத்தில்...

அப்பா பார்த்தது பொய்யில்லை. பலமுறை புயல் தணியும் நேரத்தில்தான் அது தெரியும், அதனால் நம்பிக்கை வந்தது. ஆனால் தொடக்கத்திலும் வரும். தம்பி மேலே எழுதியிருப்பதே மழைக்கு முன்னால்தான். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகாமல் வெளியே நிற்கக் கூடாது.

மார்த்தாண்டன்துறை: 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அன்றைக்கு இப்படி வெளிச்சம் கண்டதாக என் சித்தப்பா சொன்னார்.

கண்டிருக்கலாம், மக்கா. அவர் கரை சேர்ந்தாரே, அது போதும்.

சிராங்கு அண்ணன்: சரி, படகில் இடிதாங்கிக் கம்பி நட்டாச்சு என்று வைப்போம். மொட்டையா, கூரா?

மொட்டை. அதைவிட முக்கியம், உச்சியிலிருந்து தடித்த செம்புக் கம்பி வளையாமல் இறங்கி, தண்ணீருக்குள் இருக்கும் உலோகத் தகட்டில் முடிய வேண்டும். பாதியில் நின்றால் இடி உங்கள் வழியாக இறங்கும். மீதியை நாளைக்குச் சண்டை போடலாம் அண்ணே. பத்து மணியாகிறது, பொழியூர்ப் பக்கம் மின்னுகிறது. டிவி பிளக்கை உருவ வேண்டும்.