மோட்டார்ஹோமுக்கு எஞ்சின் ஆயில் மாற்றும் கணக்கு

தம்பி, இங்கு வந்து சில மாதங்களிலேயே பழைய டீசல் மோட்டார்ஹோம் (உள்ளேயே குடியிருக்கும் வசதியுள்ள வண்டி) ஒன்றை வாங்கிவிட்டதாகவும், எஞ்சின் ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது, காப்பீடு எப்படி எடுப்பது, இரவில் எங்கே நிறுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். பின்னைய இரண்டும் ஊருக்கு ஊர் மாறும், அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆயிலைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்தக் கவனக்குறைவால் ஓர் எஞ்சினையே இழந்தவன் நான்.

வண்டி 2,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கையேட்டில் குறித்திருக்கும் தூரம் அதற்கு முன்பே வந்துவிட்டால் அப்போதே மாற்றுங்கள். பழைய எஞ்சின்களுக்கு அது பெரும்பாலும் 10,000 கிலோமீட்டரை ஒட்டியிருக்கும். புதிய எஞ்சின்கள் சிலவற்றுக்கு 40,000 கிலோமீட்டருக்கும் மேல், அல்லது 2 ஆண்டு என்று போட்டிருப்பார்கள். நாள் முழுதும் நெடுஞ்சாலையில் ஓடும் சரக்கு வேனுக்கு அது பொருந்தலாம். மாதக்கணக்கில் நின்றுகிடக்கும் வண்டிக்கு அதை நான் ஏற்கமாட்டேன்.

வந்த முதல் குளிர்காலத்தில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் நானும் ஒரு பழைய மோட்டார்ஹோமில்தான் குடியிருந்தேன். அதை எனக்கு விற்றவர் நம்மவர். ஆயில் மாற்றிய ரசீதைக் கேட்டபோது, "ஓடாத வண்டிக்கு எதற்குப் புது ஆயில்?" என்றார். நமக்கு முன்னால் வந்தவர், அனுபவப்பட்டவர் என்று நம்பினேன். புதிதாக வருகிறவர்களிடம் இப்படிப் பேசித் தள்ளிவிடும் வழக்கம் நம்மிடையே இன்றும் இருப்பது எனக்கு ஆறாத வருத்தம். குளிர் தாங்காமலும் பாட்டரி சார்ஜ் ஏறவும் இரவுகளில் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிடுவேன். புகை உள்ளே வந்தால் உயிருக்கே ஆபத்து என்பதுகூட அப்போது தெரியாது. நீங்கள் அதைச் செய்யவே செய்யாதீர்கள். அப்படி நின்றபடி ஓடவிட்டால் மீட்டரில் ஒரு கிலோமீட்டரும் ஏறாது, எஞ்சினோ மணிக்கணக்காக உழைத்துக்கொண்டிருக்கும்.

1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியேறினாலும், எஞ்சின் நன்கு சூடேறாதபோது சிறிதளவு ஆயிலில் கலந்து, கரியோடும் அமிலத்தோடும் சேர்ந்து பேரிங்குகளை அரிக்கிறது. குளிர் விலகியபின் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். அதன் அடிப்புறத்தில் வெண்மஞ்சளாக, வெண்ணெய்போல் ஏதோ அப்பியிருந்தது. துணியால் துடைத்துவிட்டு மூடினேன். அடுத்த மாதம் ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் இரும்பில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் கேட்டது. பேரிங் போய்விட்டது.

அதன்பிறகு இந்த வேலையை நானே கற்றுக்கொண்டேன். வண்டியை நீண்டநாள் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள். இல்லாவிட்டால் அழுக்கு ஆயில் அத்தனை மாதமும் உள்ளேயே கிடந்து அரிக்கும். சமதரையில் நிறுத்தி, எஞ்சினைச் சூடேற்றி அணைத்தபின் வடியவிடுங்கள். ஆயிலை வடியவிடக் கழற்றும் அடிப்புற போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். டீசல் எஞ்சினில் புது ஆயிலும் விரைவில் கறுத்துவிடும், அதைக் கண்டு பயப்படாதீர்கள். ஆனால் டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியில், மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஏறியிருந்து, முகர்ந்தால் டீசல் வாடை அடித்தால், காலம் பார்க்காமல் உடனே மாற்றி, காரணத்தை மெக்கானிக்கிடம் கண்டறியுங்கள். புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் புகைவடிகட்டி (DPF) உள்ள வண்டியென்றால் கையேடு சொல்லும் சாம்பல் குறைந்த ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள்.

வாங்கியபோது உங்களுக்கு ரசீது எதுவும் தரவில்லையென்றால், விற்றவர் சொன்னதை நம்பிக்கொண்டிராமல் இந்த வாரமே மாற்றி, தேதியையும் மீட்டரில் உள்ள எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். என் அடுத்த வண்டியை விற்றபோது, புதிதாக வந்திருந்த ஒரு குடும்பத்திடம் சாவியோடு அப்படியொரு நோட்டையும் கொடுத்தேன்.