சமைக்க வைத்துப் பாத்திரம் விற்பது: மறுநாள் தோசை ஏன் ஒட்டியது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் இருக்கிறேன். இரும்பு தோசைக்கல், கல்சட்டி, வெண்கலப் பானை, முறுக்கு அச்சு ஆகியவற்றை மொத்தமாக எடுத்து வீட்டிலிருந்தே விற்கிறேன். தெருவில் பன்னிரண்டு பெண்களைக் கூப்பிட்டு, கூடத்தில் அடுப்பு வைத்து என் கல்லில் தோசை வார்த்துக் காட்டினேன். தோசை பூப்போல எழும்பி வந்தது, மூன்று பேர் கல் வாங்கினார்கள். மறுநாள் மூன்று வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. ஒருவர் கல்லைத் திருப்பியே கொடுத்துவிட்டார். அடுத்த முறை எப்படி நடத்தலாம்?

பதில்: தோசை அவ்வளவு நன்றாக வந்ததில்தான் சிக்கல். நீங்கள் வார்த்தது வருஷக்கணக்கில் பழகிய கல், விற்றது புதுக் கல். பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒரே இரும்பாகத்தான் தெரியும். நீங்கள் காட்டிய பொருளை அவர்கள் வாங்கவில்லை என்பதே உண்மை. எந்தக் கல்லை விற்கப் போகிறீர்களோ அதிலேயே வாருங்கள். கரண்டியும் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.

அதற்கு முதலில் விற்பனைக் கற்களைப் பழக்க வேண்டும். கடையிலிருந்து வரும் வார்ப்பிரும்புக் கல்லில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள். சோப்பும் தேங்காய் நாரும் போட்டு ஒருமுறை அழுத்தித் தேய்த்து அதைப் போக்குங்கள். பிறகு வடிகஞ்சியில் இரண்டு நாள் ஊற வையுங்கள். கஞ்சியைத் தினமும் மாற்ற வேண்டும். எடுத்துத் துடைத்ததும் அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சுங்கள். அரை டீஸ்பூன் நல்லெண்ணெயை முன்னும் பின்னும் தடவி, பழைய வேட்டித் துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெய் இருந்த இடமே தெரியக் கூடாது. சிறு தீயில் லேசாகப் புகைகிற வரை வைத்து ஆறவிடுங்கள். இப்படி நாலைந்து தடவை. எல்லாரும் தவறுவது இந்த இடத்தில்தான். ‘எண்ணெய் நிறையக் குடிக்கட்டும்’ என்று ஊற்றி வைப்பார்கள். மெல்லிய படலம்தான் சூட்டில் இறுகிக் கறுத்து இரும்போடு ஒன்றும். தடியாகப் பூசினால் பிசுபிசுப்பாக நின்று அடுத்த தோசையைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாகப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்த்து ஐந்து தோசை வாருங்கள். முதல் இரண்டு பிய்ந்துதான் வரும். ஐந்தாவது முழுசாக எழும்பினால்தான் கல் விற்பனைக்குத் தயார். இந்த உழைப்புக்கும் கேஸுக்கும் சேர்த்தே விலை வையுங்கள், கூச்சப்பட வேண்டாம். கடைக்காரர் கொடுப்பது வெறும் இரும்பு, நீங்கள் கொடுப்பது பழகிய கல்.

பன்னிரண்டு பேர் அதிகம். இரண்டு அடுப்புக்கு எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு மூன்று தோசையாவது வார்க்கலாம். 700 கிராம் இட்லி அரிசி, 175 கிராம் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம் போதும், சுமார் 25 தோசை வரும். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த மாவை ஒரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். சில்லென்ற மாவு பட்டதும் கல்லின் சூடு இறங்கி ஒட்டும்.

கல்லை நடுத்தரத் தீயில் ஆறேழு நிமிஷம் காய விடுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்த அவசரத்தில் தீயைக் கூட்டினால் நடு மட்டும் கொதித்து ஓரம் ஆறிக் கிடக்கும். தண்ணீர் தெளித்தால் ‘சுர்’ரென்று உடனே வற்ற வேண்டும். முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் மாவு பரவாது, கரண்டியோடு சுருண்டு வந்துவிடும். தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்துச் சூட்டைத் தணித்துவிட்டு அடுத்ததை வாருங்கள். ஓரம் தானாகக் கிளம்புவதற்குள் தோசைத் திருப்பியை விட்டால் எந்தக் கல்லிலும் பிய்யும். பிய்ந்த தோசையைச் சட்டென்று ஒளிக்காதீர்கள். ஏன் பிய்ந்தது என்று வார்த்தவரையே சொல்ல வைத்து, அவர் கையாலேயே அடுத்ததை எடுக்க வையுங்கள். வீட்டுக்குப் போன பிறகு உதவப் போவது அந்த ஐந்து நிமிஷம்தான்.

அடுப்பு விஷயத்தில் ஒன்று. வியாபாரத்துக்கு வீட்டு சிலிண்டரைப் பயன்படுத்த அனுமதியில்லை. 5 கிலோ வணிக சிலிண்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் இரும்புக் கல் வேலை செய்யும். ஆனால் சுருள் சின்னது, 12 அங்குலக் கல்லின் ஓரத்துக்குச் சூடு போக வெகுநேரம் ஆகும். 2000 வாட் அடுப்பைச் சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் செருகவே கூடாது, ஏசிக்குப் போடுவது போன்ற 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

கல்சட்டிக்கு வத்தக்குழம்பைவிட நல்ல விளம்பரம் கிடையாது. குழம்பு கெட்டியாவதற்குக் கொஞ்சம் முன்பே அடுப்பை அணைத்து, சட்டியைப் பிரிமணையில் இறக்கி நடுக்கூடத்தில் வையுங்கள். தீ இல்லாமலே தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பதை எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். முன்கூட்டியே அணைக்க வேண்டும் என்பதும் அப்போதே புரிந்துவிடும். கல்சட்டி மாக்கல்லில் செய்தது, திடீர்ச் சூடு தாங்காது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் பூசி ஒரு நாள், பிறகு சில நாள் வடிகஞ்சி என்று பழக்கி, சிறு தீயில்தான் தொடங்க வேண்டும். சூட்டோடு பச்சைத்தண்ணீர் பட்டால் விரிசல் விழும். இண்டக்‌ஷனில் ஏறாது என்பதை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வெண்கலப் பானைக்கு நம் பக்கத்து அரிசி உப்புமா இருக்கவே இருக்கிறது. அடியில் பிடிக்கும் காந்தலுக்குப் போட்டி நடக்கும். பானையைக் காலியாகக் காயவிடாதீர்கள். வெண்கலம் கீழே விழுந்தால் நசுங்காது, உடையும் என்பதையும் சொல்லுங்கள். பித்தளை கேட்பவர்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசியதாகவே கொடுங்கள், புளி படுகிற பாத்திரம் என்றால் கட்டாயம். ஈயச்சொம்பு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், காலிச் சொம்பு அடுப்பில் நின்றால் போச்சு. தவிர, உடம்புக்கு விஷமான காரீயக் கலப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைச் சான்று தருகிறவர் கிடைத்தால் பிறகு பார்க்கலாம்.

முறுக்கு அச்சுக்காக எட்டுப் பேர் நடுவே எண்ணெய்ச் சட்டி வைக்காதீர்கள். அதே அச்சில் இடியாப்பம் பிழியலாம். ஒரு கப் வறுத்த அரிசி மாவுக்கு ஒன்றேகால் கப் கொதிக்கும் தண்ணீரில் தொடங்கி, தேவைப்பட்டால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். மாவு சூடாக இருக்கும்போதே பிழிய வேண்டும், ஆறினால் கை வலிக்கும், கைப்பிடியும் வளையும். வயதானவர்கள் கையில் திருகு அச்சைக் கொடுத்துப் பாருங்கள், வித்தியாசத்தை அவர்களே சொல்வார்கள்.

நாள் முக்கியம். சனிக்கிழமை இரும்பு வாங்க நிறையப் பேர் தயங்குவார்கள். செவ்வாய் மூன்று மணிக்கு ராகுகாலம். புதன் அல்லது வியாழன் மூன்று மணிக்குத் தொடங்கினால் பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்குள் முடிக்கலாம். நடவு நாளில் கூட்டம் சேராது. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வரும் மாசி, பங்குனிதான் கல்லும் பானையும் விற்கிற காலம். முறுக்கு அச்சை ஐப்பசிக்கு, தீபாவளிக்கு முன்பு எடுங்கள்.

கடன் கேட்பார்கள். பாதியைக் கையில் வாங்கிக்கொண்டு மீதிக்கு ஒரு தவணை மட்டும் கொடுங்கள், நோட்டில் அவர்கள் முன்னாலேயே எழுதுங்கள். கணக்கை முன்பே போட்டுவிடுங்கள்: ஒரு கல்லில் 200 ரூபாய் நிற்கிறது, அன்றைய மாவு, கேஸ், காபிச் செலவு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று கல் போனால்தான் கைக்காசு மிஞ்சும். அன்றைக்கே வாங்கச் சொல்லி நெருக்காதீர்கள். ஒரே தெருவில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும்.

இப்போது கையில் இருக்கும் வேலை அந்த மூன்று கற்கள். வாங்கி வைத்திருக்கும் இரண்டு வீட்டுக்கும் இந்த வாரமே போங்கள், கற்களை எடுத்து வந்து பழக்கிக் கொடுங்கள், காசு வாங்காதீர்கள். திருப்பி வந்த கல்லையும் பழக்கி, அடுத்த கூட்டத்தில் முதல் அடுப்பில் அதையே ஏற்றுங்கள். திருப்பிக் கொடுத்தவரையே முதல் தோசை வார்க்கக் கூப்பிடுங்கள்.