வயதும் ஸ்லாலம் நீர்ச்சறுக்கும்: வேகத்தைக் குறைக்கலாமா, விளையாட்டை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு 62 வயது, எடை 72 கிலோ. பெங்களூரு ஜெயநகரில் வசிக்கிறேன். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் பணியாற்றிய காலத்தில் ஸ்லாலம் எனப்படும் ஒற்றைப் பலகை நீர்ச்சறுக்கைக் கற்றுக்கொண்டேன். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகும், ஆண்டுதோறும் கோடையில் ஆர்லாண்டோவிலுள்ள மகள் வீட்டில் இரண்டு மாதங்கள் தங்கும்போது சறுக்குகிறேன். படகின் வேகம் மணிக்கு 55 கி.மீ., கயிறு 13 மீட்டர். பல ஆண்டுகளாக இதில் மாற்றமில்லை. சென்ற ஆண்டு ஒவ்வொரு முறை சறுக்கிய பிறகும் உடல்வலி தீர நான்கு நாட்கள் ஆயின. நீரிலிருந்து எழும்போது ஒருமுறை இடது பின்தொடையில் இழுத்துப் பிடித்தது. வலது முழங்கையின் உட்புறம் இன்றும் வலிக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மகள் அடியோடு நிறுத்திவிடச் சொல்கிறாள். வேகத்தைக் குறைத்தால் போதாதா?

பதில்: நீங்கள் எழுதியுள்ளவற்றை வைத்துப் பார்த்தால், விளையாட்டை நிறுத்தவேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் வேகத்தை இந்த ஆண்டே குறைத்தாக வேண்டும். அதைவிட முக்கியமாக, நீங்கள் சறுக்காமல் பெங்களூரில் கழிக்கும் பத்து மாதங்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. உங்கள் வலிகளின் வேர் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்காகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்லாலம் தடத்தின் நீளம் 259 மீட்டர். படகு அதன் நடுவே நேராகச் செல்ல, பின்னால் கயிற்றைப் பிடித்துவரும் வீரர் இருபுறமும் மாறிமாறி அமைந்த ஆறு மிதவைகளைச் சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு மிதவையும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி இருக்கிறது. 55 கி.மீ. வேகத்தில் படகு இந்தத் தடத்தைக் கடக்க எடுப்பது ஏறக்குறைய 17 விநாடிகள்தான். அந்த நேரத்துக்குள் வீரர் படகைக் காட்டிலும் அதிக வேகத்தில் குறுக்கே பாய்ந்து, வேகத்தைத் தணித்து, திரும்பி, மறுபடி பாய்கிறார். பார்ப்பவருக்கு இது சமநிலை விளையாட்டாகத் தோன்றினாலும், உடலின் கணக்கில் இது விட்டுவிட்டு வரும் கடுமையான பளுதூக்கலுக்கு நிகரானது.

முப்பது வயதைக் கடந்ததும் தசையின் அளவு மெல்லக் குறையத் தொடங்கி, அறுபதுக்குப் பிறகு அந்தக் குறைவு வேகமெடுக்கிறது. தசை இழைகளில் விரைந்து சுருங்குபவை, நிதானமாக நெடுநேரம் உழைப்பவை என இரு வகைகள் உண்டு. முதுமையில் மெலிவது பெரும்பாலும் முதல் வகைதான். அதனால்தான் லால்பாக்கில் ஒரு மணி நேரம் களைப்பின்றி நடக்கும் ஒருவரால், திடீரென வரும் ஓர் இழுப்பை நொடியில் எதிர்கொள்ள முடியாமல் போகிறது. வலிமை குறைவதற்கு முன்பே, அந்த வலிமையை விரைந்து வெளிப்படுத்தும் திறன் குறைந்துவிடுகிறது. மிதவையைச் சுற்றித் திரும்பியவுடன் கயிறு இறுகும் கணத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது இந்தத் திறன்தான்.

தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களின் நிலையும் அத்தகையதே. அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு. வயதாக ஆக அவற்றின் கொலாஜன் என்னும் புரத இழைகள் தம்முள் இறுகிக்கொள்வதால் நெகிழ்வு குறைகிறது, சிறு சேதம்கூட ஆற நாளாகிறது. வெயிலில் கிடந்து காய்ந்த தென்னங்கயிறு போல, அவை அன்றாடப் பளுவைத் தாங்கும். திடீர் இழுப்பில்தான் பலவீனம் வெளிப்படும். பத்து மாதங்கள் எந்தப் பளுவுமின்றி இருந்த தசைநாண்களை விமானத்திலிருந்து இறங்கிய வாரத்திலேயே 55 கி.மீ. வேகத்துக்கு உட்படுத்துவதால்தான், வலி நான்கு நாட்கள் நீடிக்கிறது.

வேகத்தைக் குறைப்பதில் உங்களுக்குத் தயக்கம் இருப்பதாக உணர்கிறேன். இந்த விளையாட்டின் விதிகளே வயதுக்கு இடம் கொடுத்திருக்கின்றன: வயது வரம்பில்லாத ஆண்களின் திறந்த பிரிவில் உச்ச வேகம் 58 கி.மீ. என்றிருக்க, 35 வயதைக் கடந்தோர் பிரிவில் அது 55 ஆகக் குறைகிறது. கணக்கும் உங்கள் பக்கமே நிற்கிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 55இலிருந்து 52க்கு இறங்கினால் விழும்போதும் திரும்பும்போதும் உடல் தாங்கவேண்டிய ஆற்றல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது; 49க்கு இறங்கினால் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதோடு, தடத்தில் உங்களுக்கு ஒரு விநாடியோ இரண்டு விநாடிகளோ கூடுதலாகக் கிடைக்கின்றன. அறுபது வயதின் நரம்புகளுக்கு அந்த விநாடிகள் பெரிய உதவி.

ஆகவே இந்த ஆண்டு முதல் வாரத்தைத் தடத்துக்கு வெளியே, திறந்த நீரில், 49 கி.மீ. வேகத்தில் கழியுங்கள். பிறகு 52க்கு உயர்ந்து அங்கேயே நிலைகொள்ளுங்கள். கயிற்றையும் 13 மீட்டரிலிருந்து 14.25 மீட்டருக்கு நீட்டுங்கள். கயிறு குட்டையாகும் தோறும் திருப்பம் கூர்மையாகி, தோளுக்கும் இடுப்புக்கும் வரும் இழுப்பு மிகுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் விட்டுக்கொடுப்பேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், வேகத்தை விட்டுக்கொடுங்கள். ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். வேகம் குறைந்தால் பலகை நீரில் சற்று ஆழமாக அமிழும். அதே பழைய பலகையை வைத்துக்கொண்டால் கால்களுக்கு உழைப்பு கூடிவிடும். சற்று அகலமான பலகைக்கு மாறிக்கொள்வது நல்லது. ஒரு நாள் சறுக்கினால் அடுத்த இரண்டு நாட்கள் ஓய்வு வேண்டும். கை தளர்ந்த பிறகு ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று போகும் அந்தக் கடைசிச் சுற்றைக் கட்டாயம் தவிருங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்தது, நீரிலிருந்து எழும்போது பின்தொடையில் நேர்ந்த இழுப்பு. பின்தொடைத் தசைகள் நாம் உட்காரும் எலும்பில் தொடங்குகின்றன. இடுப்பு மடங்கியிருக்கும்போது முழங்கால் நீண்டு, அந்த நிலையில் படகு இழுத்தால், தசைநாண் எலும்பிலிருந்தே பிய்ந்துவிடக்கூடும். நீர்ச்சறுக்கு வீரர்களிடம் காணப்படும் காயமாக எலும்பு மருத்துவர்கள் இதை நன்கு அறிவார்கள். எழும்போது முழங்கால்களை மார்போடு ஒட்டி மடக்கியே வைத்திருங்கள்; பலகை நீர்ப்பரப்புக்கு வந்த பிறகே நிமிருங்கள்; படகைச் சீராக இழுக்கும்படி ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். என்றேனும் அந்த இடத்தில் ‘பட்’டென்ற உணர்வு தோன்றி, உட்கார முடியாத வலியும், சில நாட்களில் தொடையின் பின்புறம் கருநீலத் தடிப்பும் கண்டால், ‘பெங்களூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட வேண்டாம். முழுதாகப் பிய்ந்த தசைநாணை முதல் சில வாரங்களுக்குள் தைத்தால்தான் அறுவை எளிதாகவும் பலன் நன்றாகவும் இருக்கும். பயணக் காப்பீடு எடுக்கும்போது, இத்தகைய விளையாட்டுக் காயத்துக்கும் அது பொருந்துமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

முழங்கையின் உட்புற வலி, கைப்பிடியை இறுகப் பற்றும் தசைகளின் தசைநாண் தேய்வதால் வருவது. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கலாம். நீண்டகால நோக்கில் அதை நான் பரிந்துரைப்பதில்லை. சிறு எடையைக் கையில் பிடித்து, மணிக்கட்டை மெதுவாகக் கீழிறக்கும் பயிற்சியை மூன்று மாதங்கள் பொறுமையாகச் செய்யுங்கள்.

இனி, பெங்களூர் மாதங்களுக்கு வருவோம். நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. ஆனால் உங்கள் விளையாட்டுக்கு அது மட்டும் போதாது. வாரத்துக்கு இருமுறையேனும், இயன்முறை மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், எடை தூக்கும் பயிற்சி வேண்டும். பின்தொடைக்கும் முதுகுக்குமாக, முழங்காலைச் சற்றே மடக்கி இடுப்பிலிருந்து குனிந்து எடையை மெதுவாக இறக்கி ஏற்றுவது. தோளுக்கும் கைப்பிடிக்குமாக, படகுத் துடுப்பு வலிப்பது போன்ற இழுவைப் பயிற்சி. ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் விரைந்து எழுந்து, மெதுவாக அமர்வது. இந்தக் கடைசிப் பயிற்சி எளியதாகத் தோன்றும். நான் மேலே சொன்ன விரைவுத் திறனை மீட்க அது மிகவும் உதவும். புரதத்தையும் கவனியுங்கள். சிறுநீரகம் நலமாக இருந்தால், உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 72 முதல் 86 கிராம் வரை தேவை. காலையில் இட்லி, மதியம் சாதமும் ரசமும், இரவு தயிர்சாதம் என்ற நம் வழக்கத்தில் அது சேராது. முட்டை, பனீர், சுண்டல், மீன் ஆகியவற்றில் உங்களுக்கு ஒத்தவை ஒவ்வொரு வேளையும் இருக்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் சிலருக்குத் தசைவலி தரும். உங்கள் நான்கு நாள் வலியில் அதற்குப் பங்குண்டா என்பதை மருத்துவர் பரிசோதித்துச் சொல்லட்டும், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப்போக்குக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் நம் ஊரில் தாராளமாக எழுதப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் போன்ற மருந்துகள், அறுபது வயதைக் கடந்தோருக்குத் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பயணத்துக்கு முன் அவை தேவைப்பட்டால், மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள்.

மகளின் அச்சம் பெரும்பாலும் உங்கள் இதயத்தைப் பற்றியதாக இருக்கும், அது நியாயமானது. கைப்பிடியை இறுகப் பற்றி மூச்சை அடக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென ஏறுகிறது. இந்தியர்களுக்கு மாரடைப்பு மேலைநாட்டவரைவிட ஏறக்குறைய பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ஆகவே பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இதய மருத்துவரைக் கண்டு, ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் பரிசோதனை, சர்க்கரை அளவு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் எடுத்துக்கொள்ளும் இரத்த அழுத்த மாத்திரை எந்த வகை என்றும் கேளுங்கள். சிறுநீரைப் பெருக்கும் வகையாக இருந்தால் ஃபுளோரிடா வெயிலில் உடலில் நீர் வற்றும். முடிவுகள் நன்றாக இருந்து, அழுத்தமும் கட்டுக்குள் இருந்தால், மேலே சொன்ன வேகத்தில் நீங்கள் சறுக்கலாம் என்று மகளிடம் சொல்லுங்கள். அவர் விரும்பினால் என் பதிலையே படிக்கக் கொடுங்கள். மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்போ இருந்தால், அதற்குரிய சிகிச்சை முடியும்வரை படகின் பக்கம் போகவேண்டாம்.